யார் கட்டினால் என்ன

ஃப்ரிபூர்க்
6.4.1986

அன்புத் தங்கச்சி சந்திரமதிக்கு,

அண்ணை பாலேந்திரன் எழுதுகிறேன். நான் சுகம். கை இரண்டும் சவர்க்காரத் தண்ணீரில் ஊறி வெடித்துப்போய்க் கிடக்கின்றன, அதை மட்டும் அம்மாவுக்கு எழுதிவிடாதே. நீ லோமேயில் இறங்கிவிட்டாய் என்று ஏஜென்சி இராஜசிங்கத்தார் டெலிபோனில் சொன்னார். ஆபிரிக்காவில் அப்படி ஓர் ஊர் இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். உன் மாப்பிள்ளை நித்தியானந்தன் ஒரு புத்தகக் கடைக்குள் போய், நின்ற நிலையிலேயே உலகப் படத்தை விரித்துப் பார்த்துவிட்டு வந்து, "கடற்கரை ஊர் பாலா. தலைநகரம். பிரெஞ்சுதான் கதைப்பினம்" என்றான்.

கொஞ்ச நாளில் உன்னை ஜெனீவாவில் இறக்கிவிடுவதாக இராஜசிங்கத்தார் சத்தியம் பண்ணுகிறார். ஆடி பிறக்க முன்னம் உனக்கும் நித்திக்கும் கலியாணத்தை முடித்துவிட வேண்டும். அவன் இப்போதே தனி அறை தேடித் திரிகிறான். ஒரே அறையில் படுத்து, ஒரே சாப்பாட்டுக்கடையில் இரண்டுபேரும் கோப்பை கழுவுகிறோம். ஆகவே மாப்பிள்ளையின் குணத்தை நான் ஊரில் விசாரிக்கத் தேவையில்லை. குறட்டை ஒன்றுதான் குறை.

வெளியில் திரியாதே. தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடி. பதிலைச் சுணக்காதே, எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

உன் அண்ணை
பாலேந்திரன்


லோமே
22.4.1986

அன்புள்ள அண்ணைக்கு,

தங்கச்சியின் வணக்கம். கைக்குத் தேங்காய் எண்ணெய் பூசுங்கோ. எனக்குக் காய்ச்சல், தடிமன் ஒன்றுமில்லை. ஓரிடத்திலேயே இருந்து கால்தான் விறைக்கிறது.

இராஜசிங்கத்தாரைக் கேட்டால் "அடுத்த கிழமை" என்கிறார். போன கிழமையும் அதைத்தான் சொன்னார். தகரக் கூரை வீடு ஒன்றுக்குள் எல்லோரையும் அடைத்து வைத்திருக்கிறார். பெண்களுக்கு ஓர் அறை, அதற்கு யன்னல் இருக்கிறது என்பதே பெரிய விஷயம். நேற்று மழை தொடங்கியது. முதலில் கடல் பக்கமிருந்து காற்று வந்து, தெருவில் கிடந்த மணலை எல்லாம் வாரி வீட்டுக்குள் கொட்டியது. சந்தையால் வந்த பெண்கள் பேசின்களைத் தலையில் கவிழ்த்துப் பிடித்துச் சிரித்துக்கொண்டே ஓடினார்கள். பிறகு பிடித்த மழையில் பக்கத்தில் இருப்பவர் கதைப்பதுகூடக் கேட்கவில்லை. அடுத்த வீட்டில் அஃபி என்று ஒரு பெண் இருக்கிறாள். மழைக்காலம் இப்போதுதான் பிறந்திருக்கிறது, இனித்தான் இருக்கிறது என்று கையால் காட்டினாள்.  மழை முடியும்வரைக்கும் நான் இந்த ஊரில்தான் இருக்கப் போகிறேனோ?

இன்னொன்று. தனிப் பெண்ணாய் அனுப்ப ஏலாதாம். புருஷன் பெண்சாதி பாஸ்போட் ஒரு சோடி இருக்கிறது என்று சிவானந்தராசா என்பவரையும் என்னையும் அதில் போட்டுவிட்டார்கள். மட்டக்களப்புப் பக்கம் களுவாஞ்சிகுடி ஆள், ஊரில் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சராய் இருந்தவராம். வாயைத் திறந்தால் "மறுகா, மறுகா" தான். பிறகு என்பதை அங்கே அப்படிச் சொல்வார்களாம். சமைக்கத் தொடங்கினால் ஒருவரையும் அடுப்படிக்குள் விடமாட்டார், தன் வீடு என்ற நினைப்பு. எனக்குச் சிரிப்பு ஒருபக்கம், பயம் ஒருபக்கம். கடதாசியில்தான் என்றாலும் உங்கள் சிநேகிதர் என்ன நினைப்பார்? அவர் எனக்கு ஒரு வரி எழுதினால் என்ன?

இப்படிக்கு
சந்திரா


ஃப்ரிபூர்க்
5.5.1986

அன்புத் தங்கச்சிக்கு,

உன் சுகம் அறிந்தது நிம்மதி. என் சுகம் உன் கடிதம் வரும்வரைக்கும் நல்லாய்த்தான் இருந்தது. வாசித்த அன்றைக்கு வேலையில் இரண்டு தட்டை உடைத்து முதலாளியிடம் இரண்டு மொழியில் ஏச்சு வாங்கினேன்.

அந்த மட்டக்களப்பு ஆளோடு கதை வைத்துக்கொள்ளாதே. "அண்ணை" என்று கூப்பிட்டுப் பழகு. அப்போதுதான் ஆளுக்குத் தன் இடம் தெரியும்.

இவ்வளவும் எழுதி முடிக்க சிறீதரன் வந்தான். போன வருஷம் இதே மாதிரிச் சோடியாய் வந்தவன். விமான நிலையத்தில் இரண்டுபேரையும் தனித்தனி அறையில் இருத்தி விசாரிப்பார்களாம். மாமியின் பெயர் என்ன, புருஷனுக்கு என்ன கறி பிடிக்கும், எந்தப் பக்கம் சரிந்து படுப்பார் என்றெல்லாம் கேட்பார்களாம். ஆகவே அந்த ஆளோடு கதை. எல்லாம் கேட்டுப் பாடமாக்கு. "அண்ணை" என்று மட்டும் கூப்பிட்டுவிடாதே, வாய் தவறினால் காரியம் கெட்டுவிடும். ஆனால் தேவைக்கு மிஞ்சிக் கதைக்க வேண்டாம்.

கழுத்தையும் பார்ப்பார்களாம். தமிழ்ப் பெண் தாலி இல்லாமல் வந்தால் பொய் என்று இப்போது அவர்களுக்கும் தெரிந்துவிட்டது. ஒரு மஞ்சள் கயிற்றைக் கட்டிக்கொள்.

நித்தி உனக்கு எழுதட்டோ என்று கேட்டான். நான்தான் வேண்டாம் என்றேன். கலியாணத்துக்கு முன்னம் பொம்பிளைக்குக் கடிதம் எழுதுகிற பழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. என்ன சொல்ல வேண்டுமோ எனக்கு எழுது, நான் அவனிடம் சொல்கிறேன்.

அண்ணை
பாலேந்திரன்


லோமே
21.5.1986

அன்புள்ள அண்ணைக்கு,

நான் சுகம். உங்கள் சுகமும் உங்கள் முதலாளியின் தட்டுகளின் சுகமும் அறிய ஆவல்.

தெருவெல்லாம் வெள்ளம். வாசலில் கல்லடுக்கி அதன்மேல் கால்வைத்துத்தான் கிணற்றடிக்குப் போகிறோம். உடுப்புக் காய்வதே இல்லை. ஆட்களுக்கு விசர் பிடித்துவிடும் போலிருக்கிறது, கூரையைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார்கள். எனக்கும் அவருக்கும் மட்டும் வேலை இருக்கிறது. நீங்கள் சொன்ன பாடம்தான்.

அழகிப்பிள்ளை அக்கா என்று ஒருவர் எங்கள் அறையில் இருக்கிறா. அவவும் கிழக்கு ஆள்தான், மகனிடம் போகிறா. அவதான் விசாரணை செய்கிற அதிகாரி. கதிரையில் ஏறி இருந்து ஒவ்வொருவராய்க் கூப்பிட்டுக் கேட்பா. முதல் தடவை நான் மாமியின் பெயரை விட்டுவிட்டேன். அவர் ஒன்றும் விடவில்லை. எனக்கு முருங்கைக்காய் பிடிக்காது, இடிக்குப் பயம், கணக்குப் பாடத்தில் ஒருமுறை பார்த்து எழுதிப் பிடிபட்டது, என்னைப்பற்றி எல்லாம் சொன்னார். உங்களுக்கு முருங்கைக்காய் விஷயம் தெரியுமோ அண்ணை? ஒருநாள் அவர், "அதிகாரி கேக்கமாட்டான், நான் கேக்கிறன். அங்க போய் என்ன செய்ய விருப்பம்?" என்றார். நான் யோசித்துப் பார்த்தேன். அப்படி ஒருவரும் என்னைக் கேட்டதில்லை. தையல் படிக்க விருப்பம் என்றேன். அதையும் பாடமாக்கி வைத்திருக்கிறார்.

அண்ணை, ஒரு கேள்வி. தாலிக் கயிற்றை நானே கட்டிக்கொள்ளப் பார்த்தேன். அழகிப்பிள்ளை அக்கா கையைப் பிடித்துவிட்டா. "இஞ்ச பாருகா பிள்ளை, தாலியப் பொண்ணு தானாக் கட்டப்படா. விளையாட்டுக்கும் கட்டப்படா. முடிச்சுப் போட்டா முடிச்சுத்தான்" என்றா. அப்படியென்றால் யார் கட்டுவது? இது சின்ன விஷயம் இல்லை. நீங்கள் நல்லாய் யோசித்து, உங்கள் சிநேகிதரிடமும் கேட்டு எழுதுங்கோ. அதுவரைக்கும் நான் கட்டமாட்டேன்.

தங்கச்சி
சந்திரா


ஃப்ரிபூர்க்
3.6.1986

தங்கச்சிக்கு,

சுகமாய் இருப்பாய் என்று நினைக்கிறேன். நான் ஒரு மனிதனாய் இல்லை. ஆனி பிறக்கப் போகிறது, அதற்குப் பிறகு ஆடி. இராஜசிங்கத்தாருக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் டெலிபோன் எடுக்கிறேன். அறைக்குள் இருக்க முடியாமல் பாலத்தில் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் நடக்கிறேன். உனக்கோ அங்கே சாத்திரம் சம்பிரதாயம்.

யார் கட்டினால் என்ன? கயிறுதானே. அந்த ஆளையே கட்டச் சொல்லு. அதோடு ஒரு படமும் எடுங்கோ. கலியாணப் படம் ஒன்று கையில் இருந்தால் அரைவாசிக் கேள்வி குறையும் என்று சிறீதரன் சொல்கிறான். சேலை உடுத்து, பூ வைத்து, விளக்குக் கொளுத்தி, பார்த்தால் உண்மைக் கலியாணம் மாதிரி இருக்க வேண்டும். அரைகுறையாய் எடுத்து மாட்டுப்படாதே.

நித்தியிடமும் கேட்டேன். உருளைக்கிழங்கு தோலுரித்துக்கொண்டிருந்தான். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாவிட்டால் சம்மதம்தான்.

அண்ணை


லோமே
17.6.1986

அன்புள்ள அண்ணைக்கு,

வணக்கம். சுகமாய் இருக்கிறேன்.

நீங்கள் எழுதியபடி வெள்ளிக்கிழமை செய்தோம். அழகிப்பிள்ளை அக்கா மஞ்சள் தூளில் கயிறு தோய்த்து, ராகுகாலம் கழியட்டும் என்று எல்லோரையும் காக்க வைத்தா. அஃபி சிவப்புப் பூ கொண்டுவந்து தானே என் தலையில் செருகினாள். நல்ல மழை. படம் எடுப்பவர் நனைந்துகொண்டுதான் வந்தார்.

ஒரு படம் இதோடு வருகிறது. மற்றது பாஸ்போட்டோடு இருக்கிறது.

வேறு புதினம் இல்லை.

சந்திரமதி


ஃப்ரிபூர்க்
29.6.1986

அன்புத் தங்கச்சிக்கு,

நான் சுகம். கையும் ஆறிவிட்டது. உனக்கு என்ன சுகமில்லையோ? ஏன் கடிதம் இவ்வளவு கட்டையாய் இருக்கிறது?

படம் திறம். சிறீதரன் பார்த்துவிட்டு, இதைக் கண்டால் சுவிஸ்காரன் வாழ்த்துச் சொல்லித்தான் அனுப்புவான் என்றான். அந்த ஆள் கட்டுகிற நேரம் நீ குனிந்து நிற்கிற மாதிரி நல்லாய் நடித்திருக்கிறாய். நித்தி கனநேரம் வைத்துப் பார்த்தான். பிறகு தன் சேட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டான். கேட்டும் தரவில்லை. ஆளுக்கு உன்மேல் ஆசைதான், வாய்தான் இல்லை.

முந்தின கடிதம் முழுக்க அந்த ஆளின் புராணம். இதில் பெயரே இல்லை. இரண்டுபேருக்கும் சண்டையோ? விமானம் ஏறும்வரைக்கும் பகைக்காதே. பொறுத்துக்கொள்.

ஜெனீவாவில் விசாரணை முடிந்த கையோடு அந்தக் கயிற்றைக் கழற்றிக் கழிப்பறைக்குள் எறிந்துவிடு. அந்த ஆளுக்கு நன்றி சொல்லிவிட்டு நீ வெளியே வா. நானும் நித்தியும் வாசலில் நிற்போம். அவன் நிலத்தடித் தளத்தில் ஒரு சின்ன வீடு பிடித்துவிட்டான். குசினி தனி. சுவருக்கு வெள்ளை அடிக்கிறான்.

அண்ணை
பாலேந்திரன்


ஃப்ரிபூர்க்
20.7.1986

சந்திராவுக்கு,

சுகமோ? உயிரோடு இருக்கிறாயோ? ஒரு மாதமாய்க் கடிதம் இல்லை. இராஜசிங்கத்தாரின் டெலிபோனை யாரும் எடுப்பதில்லை. ஆடியும் பிறந்துவிட்டது. கலியாணம் போனால் போகட்டும், ஆவணியில் வைக்கலாம். நீ இருக்கிற இடத்தை மட்டும் எழுது. நானும் நித்தியும் மாறி மாறித் தபால் பெட்டியைப் பார்க்கிறோம்.

அண்ணை


பாசல்
5.8.1986

அன்புள்ள அண்ணைக்கு,

நான் பாசலில் இருக்கிறேன். சுகமாய் வந்து சேர்ந்துவிட்டேன். உங்களைத் தவிக்க வைத்ததற்கு முதலில் மன்னியுங்கோ. ஏஜென்சி கடைசி நேரத்தில் பாதையை மாற்றிப் பாரிசுக்கு அனுப்பி, அங்கிருந்து காரில் கொண்டுவந்து விட்டது. அசூல், அதுதான் அகதித் தஞ்சம், கேட்டோம். ஆற்றுக்குப் பக்கத்தில், அகதிகளைத் தங்க வைக்கிற ஒரு ஹைமில் இருக்கிறோம். வந்து இரண்டு கிழமையாகிறது. எழுதத் துணிவு வராமல்தான் இருந்தேன்.

பாஸ்போட்டை வழியிலேயே ஏஜென்சிக்காரன் வாங்கிக்கொண்டான். படமும் அவனோடு போய்விட்டது. இங்கே விசாரிக்கும்போது கையில் ஒரு கடதாசியும் இல்லை. உண்மைப் பெயரைத்தான் சொன்னோம். மொழிபெயர்ப்பாளர், "இவர் உங்களுக்கு என்ன முறை?" என்று கேட்டார். அண்ணை, அந்த இடத்தில் யாரோ ஒருவர் என்று நான் சொல்லியிருக்கலாம். ஒரு கரைச்சலும் வந்திருக்காது. என்னைத் தனியாய் எழுதி, நேரே உங்களிடம் அனுப்பியிருப்பார்கள். நான், "இவர் என்ர அவர்" என்றேன்.

கயிற்றைக் கழற்றச் சொல்லி எழுதியிருந்தீர்கள். ஒருமுறை கையில் பிடித்துப் பார்த்தேன், ஏலவில்லை.   அன்றைக்கு லோமேயில் படம் எடுத்து முடிய அவர், "இது கடதாசிக்கு. உங்களுக்கு விருப்பம் இல்லாட்டி அங்க போய் அவிழ்க்கலாம். அதுவரைக்கும் நான் ஒண்டும் கேக்கமாட்டன்" என்றார். அதற்குப் பிறகு இன்றைக்குவரைக்கும் கேட்கவில்லை. எனக்கு அவரைப் பிடித்திருக்கிறது அண்ணை. இதை ஒளித்து எழுத எனக்குத் தெரியவில்லை.

உங்கள் சிநேகிதர் நல்லவர்தான். ஆனால் அவருடைய குரல்கூட எனக்குத் தெரியாது. அம்மாவுக்கு இன்னும் ஒன்றும் எழுதவில்லை. நீங்கள் என்ன சொல்கிறீர்களோ, அதற்குப் பிறகுதான் எழுதுவேன்.

தங்கச்சி
சந்திரமதி


ஃப்ரிபூர்க்
12.8.1986

சந்திரமதிக்கு,

சுகம் கேட்டு எழுத மனம் வரவில்லை.

படத்துக்குக் கட்டினது தாலியோ? ஐயர் இல்லை, ஆட்கள் இல்லை, அம்மா இல்லை. எங்கேயோ ஒரு ஊர், யாரோ ஒரு ஆள். நித்தியின் முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன் என்று ஒரு நிமிஷம் யோசித்தாயோ? காலையில் எழும்பினால் அவன் முகம், வேலையில் அவன் முகம், படுத்தால் அவன் முகம். உன் கடிதத்தை அவனுக்கு வாசித்துக் காட்ட என்னால் முடியவில்லை. மேசையில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டேன். திரும்பி வர அது மடித்து உறைக்குள் இருந்தது. அவன் தேத்தண்ணி போட்டுக்கொண்டிருந்தான், எனக்கும் சேர்த்து. கயிற்றை அவிழ்த்துவிட்டு வா. இன்னும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. வராவிட்டால் எனக்குத் தங்கச்சி இல்லை.

17ஆம் திகதி. மேலே உள்ளதை எழுதி, ஒட்டாமல் வைத்திருந்தேன். கிழிக்கவும் மனமில்லை. இன்று ஞாயிறு. நித்தி காலையில் சவரம் செய்து, கோட்டுப் போட்டுக்கொண்டு போனான்.  பின்னேரம் வந்து பாசல் ரயில் துண்டை மேசையில் போட்டான். உறையில் இருந்த விலாசத்தைப் பார்த்துப் போயிருக்கிறான். நீ என்ன சொன்னாய்? அந்த ஆள் என்ன சொன்னார்? இவன் சாப்பிட்டான், பாத்திரம் கழுவினான், போய்ப் படுத்துவிட்டான். எனக்குத் தலை வெடிக்கிறது. உடனே எழுது.

பாலேந்திரன்


பாசல்
21.8.1986

அன்புள்ள அண்ணைக்கு,

நாங்கள் சுகம். நீங்கள் சாப்பிட்டு நித்திரை கொண்டு இருக்க வேண்டும் என்பதுதான் என் கவலை.

உங்கள் சிநேகிதர் வந்தார். வாசலில் கண்டதும், நீங்கள் முன்னம் ஊருக்கு அனுப்பின படத்தில் பார்த்த முகம் என்று பிடித்துவிட்டேன். ஹைம் குசினியில் இருந்தோம். சிவம் தேத்தண்ணி போட்டு வைத்துவிட்டு, தானாகவே எழும்பி வெளியே போனார்.  வந்தவர் ஏசப் போகிறார் என்று நினைத்தேன். ஏசினால் எனக்கு ஆறுதலாய் இருந்திருக்கும்.

சேட்டுப் பைக்குள் இருந்து படத்தை எடுத்து மேசையில் வைத்தார். "இதில நீர் குனிஞ்சு நிக்கிறீர். படம் எடுத்தவர் குனியச் சொன்னவரோ?" என்று கேட்டார்.

இல்லை என்றேன்.

"அந்த அக்கா?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. நானாத்தான் குனிஞ்சனான்."

"அப்ப சரி" என்றார். தேத்தண்ணி முழுவதையும் குடித்தார். கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். வாசலில் நின்ற சிவத்துக்குக் கைகொடுத்துவிட்டுப் போனார். படத்தை என்னிடமே விட்டுவிட்டார். அண்ணை, நான் அன்றைக்கு அழுததுபோல ஒருநாளும் அழவில்லை. ஆனால் கயிற்றை அவிழ்க்கமாட்டேன். தங்கச்சி இல்லை என்று எழுதினீர்கள். எனக்கு அண்ணை இருக்கிறார்.

சந்திரா


ஃப்ரிபூர்க்
30.8.1986

அன்புத் தங்கச்சி சந்திராவுக்கும் மச்சான் சிவானந்தராசாவுக்கும்,

இரண்டுபேரும் சுகமாய் இருக்க வேண்டும். நான் இருக்கிறேன்.

அம்மாவுக்கு நேற்று எழுதிப் போட்டேன். மாப்பிள்ளை எந்த ஊர், பொருத்தம் பார்த்தது யார், என்னைக் கேட்காமல் என்ன அவசரம் என்று வரிசையாய்க் கேட்கப் போகிறா.  தாலி கட்டச் சொன்னது நான், ஆளைச் சொன்னதும் நான், படம் எடுக்கச் சொன்னதும் நான் என்று எழுதினேன். கோபிக்கிறதென்றால் என்னைக் கோபிக்கட்டும்.

வருகிற ஞாயிறு வருகிறேன். மச்சானோடு கதைக்க வேண்டும். எனக்கு அவரைப்பற்றி ஒரு விஷயமும் தெரியாது. உன்னைத் தையல் வகுப்பில் சேர்க்க வழி இருக்கிறதோ என்றும் விசாரிப்போம்.

நித்தி வரமாட்டான். அந்த வீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். என்னோடு பழையபடி இருக்கிறான், வேலைக்குப் போகிறான், ஒன்றும் கதைப்பதில்லை. முந்தநாள் மட்டும் தட்டுக் கழுவிக்கொண்டு நின்றவன், திரும்பிப் பாராமலே, "நான் அண்டைக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கலாம் எல்லோ பாலா?" என்றான்.

நான் பக்கத்தில் நின்று தட்டுகளைத் துடைத்தேன்.

அண்ணை
பாலேந்திரன்